சாவு வீட்டு ஈஸ்ட்

நிலவறை ஃபிரிட்ஜின் அடித்தட்டில் ஈஸ்ட் ஜாடி காலுறை போட்டுக்கொண்டு நின்றது.

ஆஸ்தா ஜாம் எடுக்கத்தான் கீழே இறங்கியிருந்தாள். கதவைத் திறந்தவள் ஜாமை மறந்துவிட்டு அப்படியே நின்றாள். சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை. குதிகாலில் கறுப்பு நூலால் கோணல் மாணலாக ஒரு தையல். தனியாகவே வாழ்ந்து பழகிய ஆண்பிள்ளை ஒருவன் ஊசியைத் திட்டிக்கொண்டே போட்ட தையல் அது. யாருடையது என்று அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போன வசந்தத்தில் கணவனின் அண்ணன் சிவெர்ட் செத்தபோது அவனுடைய துணிமணிகளை மூட்டை கட்டித் தொழுவத்துக்குப் பின்னால் வைத்து எரித்தவள் அவள்தான். எல்லாவற்றையும் எரித்துவிட்டதாகத்தான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

ஜாடியை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். நனைந்து காய்ந்து மறுபடி நனைந்த கம்பளியின் முடை நாற்றமும், பைப்புப் புகையிலையின் காரமும், படகு எஞ்சினைத் துடைத்த கந்தலில் இருக்குமே அந்த எண்ணெய் வாடையும் முதலில் வந்தன. அவற்றுக்கெல்லாம் அடியில், கூப்பிட்டால் கேட்காத தூரத்தில், அந்த வீட்டு ஈஸ்ட்டுக்கே உரிய ஆரஞ்சுத் தோல் வாசம் இருந்தது. காலுறைக்குள் ஜாடி லேசாக வெதுவெதுப்பாக இருப்பதாகக்கூடத் தோன்றியது. குளிர்ந்த கைக்கு எல்லாமே அப்படித்தான் தோன்றும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவள் மேலே ஏறினாள்.

சமையலறையில் ஹல்வோர் கத்தி தீட்டிக்கொண்டிருந்தான்.

"இந்த ஜாடிக்கு எதுக்கு சாக்ஸ்?" என்றாள்.

அவன் நிமிரவில்லை. "வெளிச்சம் படக்கூடாதுன்னு."

"ஃபிரிட்ஜுக்குள்ள ஏது வெளிச்சம்?"

"கதவைத் தொறந்தா லைட்டு எரியுதே."

"இத்தனை வருஷமா எரியாத லைட்டு இப்பத்தான் எரியுதாக்கும்." அவள் ஜாடியை மேஜைமேல் வைத்தாள். "எப்ப எடுத்த ஈஸ்ட் இது?"

"எடுத்தப்ப எடுத்தது. நம்ம ஈஸ்ட்தான்டி. கீழ கொண்டுபோய் வை, சூடாயிடும்."

அவன் காது மடல்கள் சிவந்திருந்தன. ஹல்வோருக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது காட்டிக்கொடுத்துவிடும். வெட்கப்பட்டாலும் அவனுக்குக் காதுதான் சிவக்கும். அந்த இரண்டாவது விஷயம் அன்றைக்கு ஆஸ்தாவின் நினைவுக்கு வரவில்லை. சந்தேகம் ஒரு முறை நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டால் மற்ற நினைவுகளுக்கு இடம் எங்கே இருக்கப்போகிறது?

அந்தப் பண்ணையில் ஈஸ்ட் கடையில் வாங்கியதே இல்லை. ஒரு பீர் நுரைத்துப் பொங்கும்போது மேலே திரளும் ஏட்டை மர அகப்பையால் வழித்து வைப்பார்கள். அடுத்த பீருக்கு அதுதான் ஈஸ்ட். அந்தப் பீரில் வழித்தது அதற்கடுத்ததற்கு. இப்படியே அப்பன், பாட்டன், அவனுக்கு அப்பன் என்று பின்னால் போய்க்கொண்டே இருக்கலாம். எப்போதாவது புளித்துக் கெட்டுப்போனால் பக்கத்துப் பண்ணையில் போய்க் கேட்பார்கள். ஒரு காலத்தில் இங்கிருந்து போனதுதான் அங்கே இருக்கும். கேட்டால் இல்லையென்று சொல்லக்கூடாது. அது அந்தக் கடலோரத்தில் எல்லா வீட்டுக்கும் பொது. இந்த வீட்டுக்கென்று மட்டும் இன்னொரு கட்டுப்பாடு இருந்தது. சாவுக்குக் காய்ச்சிய பீரில் வழித்த ஈஸ்ட்டை வைத்துக்கொள்ளக்கூடாது. துக்கத்துக்கு வந்தவர்கள் குடித்துவிட்டுப் போனதும் தொழுவத்துக்குப் பின்னால் இருக்கும் காஞ்சொறிப் புதரில் கொட்டிவிட வேண்டும். போனவனோடு அது போகட்டும் என்பார்கள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

சிவெர்ட் தன் சாவுக்குத் தானே பீர் காய்ச்சினான்.

நுரையீரல் கைவிட்டுவிட்டது, இனி வைத்தியம் இல்லை என்று டாக்டர் சொன்ன மறுநாளே அடுப்பை மூட்டிவிட்டான். "நீங்க காய்ச்சினா தண்ணியாத்தான் இருக்கும். குடிக்க வர்றவன் என் பொணத்தைத் திட்டிட்டுப் போவான்" என்றான். ஹல்வோர் சிரித்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டு. சிவெர்ட்டின் வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் கிடையாது. இளவயதில் ரம்பம் தின்றுவிட்டது. மீதி மூன்று விரலோடு அந்தக் கையை அவன் மணிக்கட்டு வரை ஊறலுக்குள் விட்டுச் சூடு பார்த்தான். பார்த்தவன் எடுக்கவில்லை. வெகு நேரம் கையை உள்ளேயே வைத்துத் துழாவிக்கொண்டிருந்தான். நடுவில் குனிந்து இருமினான். வறட்டு இருமல், இரண்டு தடவை, கதவைத் தட்டுவது போல. அவனுடைய இருமல் எப்போதும் இரண்டு தடவைதான்.

ஹல்வோர் விறகெடுக்கப் போன நேரத்தில் காபி கொண்டுபோன ஆஸ்தாவிடம் அவன் சொன்னான்: "ஒரு ஆயுசு எனக்குப் பத்தல ஆஸ்தா. அதுவும் இந்த மாடி ரூம்ல தனியா. வீடு, பொண்டாட்டி, புள்ள எல்லாம் தம்பிக்கு. எனக்கு என்ன? இந்தப் பீருதான். உன் பொண்ணுக்குப் பையன் பொறப்பான் பாரு. ஞானஸ்நானத்துக்கு அவன் வாயில ஒரு சொட்டு வைப்பீங்கல்ல? ஈஸ்ட்டைக் கொட்டாம வெச்சிருங்க. எனக்கு அந்தச் சொட்டு போதும்."

அவள் காபியை வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள். அவன் செத்த அன்று அவளே குளிப்பாட்டினாள். அந்தக் கையைத் துடைக்கும்போது விரல் இருக்க வேண்டிய இடத்தில் தோல் வழுவழுவென்று, வாயில் போட்டுச் சப்பிய மிட்டாயைப் போல இருந்தது. அந்த வழுவழுப்பு அவள் கையை விட்டுப் போக ஒரு மாதமாயிற்று.

கோடையில் மகள் குரோவுக்குப் பையன் பிறந்தான். பெயர் ஐவிந்த் என்று வைப்பதாகப் பேச்சு. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். கோயிலில் தண்ணீர், வீட்டுக்கு வந்ததும் இந்த வீட்டுப் பீரில் விரல் நனைத்து உதட்டில் ஒரு சொட்டு. இந்த வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் அப்படித்தான்.

பெர்கன் நகரத்திலிருந்து குரோ வந்து இறங்கியதும் ஆஸ்தா முதலில் குழந்தையைத்தான் வாங்கினாள். அவன் அவளுடைய ஆட்காட்டி விரலை ஐந்து விரலாலும் இறுகப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றான். அந்தச் சின்னக் கையின் சூட்டில் அவளுக்கு அழுகை வந்தது. இவனுக்கு ஒன்றும் ஆகவிடமாட்டேன் என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஹல்வோரைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தாள். நவம்பர் மாதம், மதியச் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் மலை நிழல் முற்றத்தை விழுங்கிவிடும். அந்த இருட்டு தொடங்கும் நேரத்தில் அவன் எழுந்து பீர்க் கொட்டகைக்குப் போனான். தொட்டி கழுவ என்றான். நேற்றும் கழுவினான், முந்தாநாளும் கழுவினான். ஆஸ்தா சால்வையைப் போர்த்திக்கொண்டு பின்னாலேயே போனாள். கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர் கழுத்துக்குள் இறங்க, ஈரப்பாசியும் பழைய புகையும் மணக்கும் மரச் சுவரில் காதை வைத்து நின்றாள். உள்ளே தண்ணீர்ச் சத்தம் இல்லை. ஹல்வோர் பேசிக்கொண்டிருந்தான். கொஞ்சம் பேசினான், நிறுத்தினான். மறுபடி பேசினான். எதிரே ஒருவர் பதில் சொல்வதற்கு நேரம் கொடுப்பவன் போல நிறுத்தினான்.

"...மூக்கு அப்படியே உன் மூக்குதான் சிவெர்ட்" என்று கேட்டது. பிறகு மௌனம். பிறகு ஹல்வோர் மெல்லச் சிரித்தான்.

அவள் சுவரிலிருந்து காதை எடுத்தாள். ஆக, கொட்டவில்லை. அண்ணனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான். ஜாடிக்குக் காலுறை மாட்டிக் குளிர் படாமல் பார்த்துக்கொள்கிறான். நேராகக் கேட்டால் மழுப்புவான். பீரே வேண்டாம் என்றால் குரோ காரணம் கேட்பாள், என்னவென்று சொல்வது? கடை ஈஸ்ட்டைப் போட்டால் ஆரஞ்சு வாசம் வராது, முதல் மூக்குறிஞ்சலிலேயே ஹல்வோர் கண்டுபிடித்துவிடுவான். அவளுக்கு வழி ஒன்றுதான் தெரிந்தது. நேர் எதிர்க்கரையில் பெர்கிட்டின் பண்ணை. அங்கே இருப்பதும் இதே ஈஸ்ட், சாவுத் தீட்டுப் படாதது.

மறுநாள் ஹல்வோர் பீருக்கு வாசம் தரும் ஜூனிப்பர் கிளை வெட்ட மலையேறியதும் அவள் ஜாடியைக் காஞ்சொறிப் புதரில் கவிழ்த்தாள். வெளிறிய கூழ் இலைகளில் வழிந்து இறங்கியது. காலுறையை அடுப்பில் போட்டு அது கருகிச் சுருளும் வரை நின்று பார்த்தாள். பிறகு ஜாடியைக் கொதிநீரில் கழுவிப் பைக்குள் வைத்துக்கொண்டு படகை எடுத்தாள். மலைகளுக்கு நடுவே கடல் நுழைந்த அந்த ஃபியோர்டில் காற்றே இல்லை. கறுத்த தண்ணீரில் எஞ்சின் சத்தம் இரண்டு பக்க மலையிலும் மோதித் திரும்பியது.

பெர்கிட் வீட்டு நாய் படகுக் கொட்டகையில் படுத்திருந்தது. எப்போதும் சமையலறை அடுப்படியை விட்டு நகராத கிழட்டு நாய். ஆஸ்தா அழைத்தும் வீட்டுப் பக்கம் வரவில்லை.

"வாடி ஆஸ்தா. என்னடா, மகராணி தானே படகோட்டிட்டு வர்றாளேன்னு பாத்தேன்." பெர்கிட் கதவைத் திறந்து விட்டுத் தொண்டையைச் செருமினாள். "ஈஸ்ட்டுதானே?"

ஆஸ்தா இன்னும் வாயைத் திறக்கவில்லை. கதவோரக் கொக்கியில் துணிப் பை ஒன்று தயாராகத் தொங்கியது. உள்ளே ஜாடி.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"வேற எதுக்கு வருவ? ஞானஸ்நானம் வருது. உங்களது புளிச்சுப்போச்சா?"

"ஆமா. ஹல்வோருக்குத் தெரிஞ்சா மனசு ஒடிஞ்சுபோயிடுவான். சொல்லிடாத."

"நான் ஏன் சொல்றேன்?" பெர்கிட் காபி ஊற்றினாள். கெண்டியைப் பிடித்திருந்த கையில் இரண்டு விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடந்தன. ஆஸ்தா பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "கோடையிலேருந்து இப்படித்தான். தானா மடங்கிக்குது. வலியெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றாள்.

"வாதமா இருக்கும். ஆட்டுக் கொழுப்பு தேச்சுப் பாரு."

ஆஸ்தாவின் மனம் அதில் நிற்கவில்லை. ஹல்வோர் மலையிலிருந்து இறங்குவதற்குள் திரும்பிவிட வேண்டும். இருந்தாலும் எழும்போது கேட்டுவைத்தாள்: "இது நல்ல ஈஸ்ட்தானே? எங்கேருந்து வந்தது?"

"உங்க வீட்டுலேருந்துதான் வந்தது. வேற எங்கேருந்து வரும்?"

மாமனார் காலத்தில் கொடுத்தது. அது எல்லோருக்கும் தெரிந்த கதைதானே. ஆஸ்தா ஜாடியை மோந்து பார்த்தாள். ஆரஞ்சு வாசம் கும்மென்று ஏறியது. மனசுக்குள் இருந்த கல் இறங்கிவிட்டது. அதைத் தன் ஜாடிக்கு மாற்றி, போன வேகத்தில் திரும்பி வந்து, ஃபிரிட்ஜின் அடித்தட்டில் வைத்தாள். சாக்ஸ் எங்கே என்று ஹல்வோர் அன்று மாலை கேட்கவே செய்தான். துவைக்கப் போட்டேன் என்றாள். அவன் ஜாடியை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை விடியும் முன்பே கொட்டகையில் அடுப்பு எரிந்தது. ஜூனிப்பர் கிளைகள் கொப்பரையில் வெந்து, பிசினும் பச்சை இலையும் கலந்த மணம் முற்றம் வரை பரவியது. ஆவியில் எதிரே நிற்பவர் முகம் தெரியவில்லை. முளைகட்டிக் காயவைத்த பார்லி மால்ட்டில் சுடுநீர் ஊற்றி, வடித்து, இனிப்பான ஊறல் தொட்டியில் பால் சூட்டுக்கு ஆறும் வரை ஹல்வோர் பாட்டை முணுமுணுத்தபடி வேலை செய்தான். வழக்கமாகத் தொட்டியடியில் சூட்டுக்குச் சுருண்டுகொள்ளும் பூனை அன்று விறகுக் குவியலின் உச்சியில் ஏறி உட்கார்ந்திருந்தது.

ஈஸ்ட் விடும்போது கத்த வேண்டும். பலமாக, கோபமாக, தொட்டிக்குள் குனிந்து கத்த வேண்டும். பீருக்கு வேகம் வரும், வரக்கூடாதது ஓடிவிடும். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு குரோவும் வாசலில் வந்து நின்றாள்.

"நீயே விடு ஆஸ்தா" என்றான் ஹல்வோர். "பேரனுக்குப் பாட்டி கையால."

அவளும் மனசாரவே விட்டாள். கூழ் வழுக்கிக்கொண்டு ஊறலுக்குள் இறங்கியது. ஹல்வோர் குனிந்து கத்தினான். அவளும் கத்தினாள். சத்தம் திறந்த கதவு வழியே போய், தண்ணீரைக் கடந்து, எதிர்மலையில் முட்டித் திரும்பி வந்தது. எப்போதும் போல.

அதன் முடிவில் ஒரு இருமல் இருந்தது. வறட்டு இருமல். இரண்டு தடவை.

ஹல்வோர் இருமவில்லை. அவன் வாயை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவன் முகம் வெளிறி, கதவுக்கு வெளியே பார்த்தான்.

"கேட்டியா?" என்றான்.

"எதை?"

"ஒண்ணுமில்ல. மலைதான்."

அன்றெல்லாம் அவளுக்கு நிலைகொள்ளவில்லை. இன்னொரு ஜாடி வைத்திருக்கிறானோ? நான் பார்க்காத நேரத்தில் ஊற்றிவிட்டானோ? நிலவறை, மாடி அறை, படகுப் பெட்டி, வைக்கோல் பரண் எல்லாவற்றையும் துழாவினாள். ஒன்றும் இல்லை. காஞ்சொறிப் புதருக்குப் போனாள். கொட்டிய இடம் கருகிக் கிடக்கும் என்று எதிர்பார்த்திருந்தாள். செடிகள் நன்றாகவே இருந்தன. காக்கைகள் ஈஸ்ட்டைச் சொட்டு விடாமல் கொத்தித் தின்றுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கிளறிக்கொண்டிருந்தன. கொழுகொழுவென்று, ஆரோக்கியமாக. அதைப் பார்த்து நிம்மதி வர வேண்டியவளுக்கு ஏனோ வரவில்லை.

மறுநாள் தொட்டி பொங்கியது. போர்த்தியிருந்த கம்பளியை ஒதுக்கி அவள் காதை வைத்தாள். நுரை எப்போதும் சளசளவென்று ஒரே சீராகப் பேசிக்கொண்டிருக்கும். இது நின்று நின்று வந்தது. உள்ளே இழுப்பது போல ஒரு சத்தம். நிறுத்தம். வெளியே விடுவது போல ஒரு சத்தம். ஆரஞ்சுத் தோலுக்கு அடியில் வேறொன்று மணந்தது. நனைந்து காய்ந்து மறுபடி நனைந்த கம்பளி. போர்வையின் வாடைதான் என்று சொல்லிக்கொண்டாள். என் கையால் கொட்டினேன், என் கையால் வாங்கி வந்தேன், என் கையால் விட்டேன். இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள். பிடித்துக்கொள்ள அவளிடம் வேறு கயிறு இல்லை.

ஹல்வோர் ஏட்டை வழித்து ஜாடி ஜாடியாக நிரப்பினான். இந்த வருஷம் அக்கம்பக்கத்தில் பல வீடுகளில் ஈஸ்ட் புளித்துவிட்டதாம். விருந்துக்கு வருகிறவர்கள் ஆளுக்கொன்று எடுத்துப் போகட்டும் என்றான். ஜாடிகள் ஜன்னலில் வரிசையாக நின்றன.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் குழந்தை அழவேயில்லை. வீடு நிறைய ஆட்கள் வந்தார்கள். உப்பிட்ட ஆட்டிறைச்சியும் வெண்ணெயும் ஏலக்காய் ரொட்டியும் மேஜையில் இடம் போதாமல் நின்றன. ஜன்னலுக்கு வெளியே இருட்டிவிட்டது. சாயம் தீட்டிய பெரிய மரக் கிண்ணத்தில் பீர் கைக்குக் கை சுற்றியது.

"ஹல்வோர், இது உன் அண்ணன் பீருடா. அவன் காய்ச்சின மாதிரியே இருக்கு" என்றான் பக்கத்துப் பண்ணை நில்ஸ்.

"அவன் கெடக்கறான், நான் அவனைவிட நல்லா காய்ச்சுவேன்" என்றான் ஹல்வோர். எல்லோரும் சிரித்தார்கள்.

ஆஸ்தா இறைச்சித் தட்டோடு வந்தவள் நில்ஸின் கையைப் பார்த்தாள். கிண்ணத்தைச் சுற்றியிருந்த வலது கையில் இரண்டு விரல்கள் உள்ளே மடங்கியிருந்தன. நில்ஸ் குடித்துவிட்டு இருமினான். இரண்டு தடவை. கிண்ணத்தை மனைவியிடம் கொடுத்தான். அவள் வாங்கும்போது ஐந்து விரலாலும் வாங்கினாள். குடித்தாள். அடுத்தவருக்கு நீட்டும்போது மூன்று விரல்தான் தெரிந்தது. இருமினாள். கிண்ணம் நகர்ந்தது. இருமல் அதோடு நகர்ந்தது. ஒருவரும் எதையும் கவனிக்கவில்லை. பேச்சும் சிரிப்பும் அப்படியே இருந்தன.

அவள் தட்டை எங்கே வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஹல்வோரின் சட்டையைப் பிடித்து ரொட்டி அறைக்குள் இழுத்துப் போனாள்.

"எங்கடா ஒளிச்சு வெச்சிருந்த? உன் அண்ணனோட ஈஸ்ட்டை எங்க வெச்சிருந்த?"

"அதையா? அன்னைக்கே கொட்டிட்டேனே. பாதிரியார் போனதும் காஞ்சொறியில நானே கொட்டினேன்."

"பொய். அவன் சாக்ஸைப் போட்டு..."

ஹல்வோரின் காது சிவந்தது. "அது போன கிறிஸ்துமஸ் ஈஸ்ட். நல்ல ஈஸ்ட். சாக்ஸு... எல்லாத்தையும் எரிச்சுட்டியே ஆஸ்தா. அது ஒண்ணுதான் கொடியில மாட்டிட்டுக் கெடந்தது. வேற எங்க வெச்சாலும் தூக்கிப் போட்டுருவ. ஈஸ்ட் ஜாடியை நீ தொடமாட்டேன்னு நெனச்சேன்." அவன் குரல் இறங்கியது. "எனக்கு அண்ணன்டி அவன்."

அவள் அவன் சட்டையை விட்டாள். "அதை நான் கொட்டிட்டேன். நாம காய்ச்சினது பெர்கிட் வீட்டு ஈஸ்ட்."

அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். ஆறுதலாகத்தான் பிடித்தான். மூன்று விரல்களின் அழுத்தம் மட்டும் இருந்தது.

"என்னடி, இங்க என்ன ரகசியம்?" பெர்கிட் கரண்டி தேடிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"பெர்கிட். உன் ஈஸ்ட் எங்கேருந்து வந்தது?"

"அதான் சொன்னேனே, உங்க வீட்டுலேருந்து."

"எப்ப?"

"வசந்தத்துல. எங்களது கெட்டுப்போன விஷயம் சிவெர்ட் காதுக்கு எப்படியோ எட்டியிருக்கு. சாகக் கெடக்கறவன், அந்த இருமலோட அவனே படகோட்டிட்டு வந்தான். ஜாடியில நுரைகூட அடங்கல." பெர்கிட் சிரித்தாள். "அவனுக்கு உன்னை நல்லாத் தெரிஞ்சிருக்கு போ. 'ஆஸ்தா எங்க வீட்டு ஈஸ்ட்டை நம்பமாட்டா. ஒரு நாள் உன்கிட்டத்தான் வந்து நிப்பா. வந்தா யோசிக்காம எடுத்துக் கொடு'ன்னான். அதான் கொக்கியிலயே மாட்டி வெச்சிருந்தேன்."

சொட்டு.

குழந்தை.

அவள் ஓடினாள். யாரையோ இடித்தாள். ஒரு கோப்பை உடைந்தது. மேஜையின் தலைப்பக்கத்தில் குரோ உட்கார்ந்திருந்தாள். மடியில் வெள்ளைச் சட்டை. ஈரமான விரல்.

"எங்கம்மா போயிட்ட? உனக்காக எவ்வளவு நேரம் பாக்கறது? இப்பத்தான் வெச்சேன். பாரு, எப்படிச் சப்புக்கொட்டறான்னு."

ஆஸ்தா மண்டியிட்டாள். குழந்தையின் உதடு பளபளத்தது. இடது கை மலர்ந்து கிடந்தது. வலது கையில் மூன்று விரல்கள் நீட்டியிருந்தன. இரண்டு மடங்கியிருந்தன.

குழந்தைகள் கையை மடக்கத்தான் செய்யும். எல்லாக் குழந்தையும் மடக்கும். தன் விரலைக் கொடுத்தாள். பிடித்துக்கொள்ளடா. ஐந்து விரலாலும் பிடித்துக்கொள், என் கண்ணு. மூன்று பிடித்தன. இறுக்கமாக.

மடங்கியதை நிமிர்த்தப் பெருவிரலை உள்ளே நுழைத்தாள். மெதுவாக. வலிக்காமல்.

நிமிர்த்துவதற்கு அங்கே எதுவும் மடங்கியிருக்கவில்லை. தோல்தான் இருந்தது. வழுவழுவென்று. அவள் கைக்குத் தெரிந்த வழுவழுப்பு.

ஐவிந்த் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். வெகு நேரம் பார்த்தான். பிறகு இருமினான், இரண்டு தடவை.